கிளியின் சினம்

பூண்டுலோயாவின் மலைச்சரிவுகளில் மாலைப்பொழுது இறங்கும் வேளையில், டன்சினன் அருவியின் ஓசையையும் மீறி ஒரு கீச்சொலி வானில் விரைந்து செல்வதுண்டு. தேயிலை நிரைகளுக்கு மேலே, கிரவில்லியா மரங்களின் தலைகளை உரசுவதுபோல், கிளிக்கூட்டம் ஒன்று அடையிடம் நாடிப் பறக்கும். அவ்வேளையில் லயத்து இஸ்தோப்பில் தொங்கும் கூண்டுக்குள் இருக்கும் கிளியும் தலையைச் சாய்த்து அக்குரலைக் கேட்கும். தானும் ஒரு முறை உரக்கக் கூவும். சற்று நேரத்தில், வேலை முடிந்து வந்த தாய் கொய்யாத் துண்டு ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்துக் கிளிக்கு ஊட்டச் சொல்வாள். பழத்தை விட்டுவிட்டுக் குழந்தையின் விரலைக் கவ்வும் கிளி. குருதி கசியும்; குழந்தை அலறும்; வீட்டார் கூண்டைத் தட்டிக் கிளியை வைவார்கள். “ஊட்டி வளர்த்த கையையே கடிக்கிறதே, இதற்கு நன்றி உண்டா?” என்ற கேள்வி எழும்.

இந்தக் கேள்வி பூண்டுலோயாவுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் கிளியைக் கூட்டில் அடைத்த நாளிலிருந்து அவன் கேட்டு வருவது இதுவே. இதற்கு அவன் காலந்தோறும் கண்ட விடைகளைத் தொடர்ந்து நோக்கினால், கிளியின் இயல்பை விட மனிதனின் இயல்பே அவற்றில் தெளிவாகத் தோன்றக் காணலாம்.

தமிழில் ‘கிளி கடிதல்’ என்பது மிகப் பழைய தொடர். ஆனால் அங்கே கடிதல் என்பது பல்லாலோ அலகாலோ கவ்வுவதன்று. விரட்டுதல், ஓட்டுதல் என்பதே அதன் பொருள். குறிஞ்சி நிலத்தில் தினை முற்றும் காலத்தில் இளம்பெண்கள் பரண் மீதிருந்து தட்டை, குளிர், தழல் முதலிய ஓசைக் கருவிகளாலும் கவணாலும் கிளிகளை ஓட்டினர். சங்கப் பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திப்பதற்கு ஏற்ற களமாக அமைந்தது இந்தத் தினைப்புனக் காவலே. கதிர்காமத்தோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் வள்ளியும் தினைப்புனம் காத்தவள்தான். ஆகவே தமிழர் கிளியை முதலில் அறிந்தது கூண்டுப் பறவையாக மட்டுமன்று; கூட்டமாக வந்து கதிரைக் கொய்து செல்லும் வல்லமை வாய்ந்த காட்டுப் பறவையாகவும் அவர்கள் அதனை நன்கு அறிந்திருந்தனர். அதன் அலகு கதிரின் தாளை எளிதில் அறுக்கும் என்பது அவர்களுக்குப் புதுமையன்று. அன்று மனிதன் கிளியைக் கடிந்தான். இன்று கிளி மனிதனைக் கடிக்கிறது. இடையில் நேர்ந்தது ஒன்றே: பறந்து போவதற்கு அன்று அதற்கு வானம் இருந்தது.

காலப்போக்கில் கிளி புனத்திலிருந்து மனைக்கும் கோயிலுக்கும் வந்தது. மதுரையில் மீனாட்சியின் கையிலும், திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையிலும் அது அமர்ந்தது. மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒரு மண்டபம் உண்டு. முன்னாளில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து, அம்மையின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தனர். அருணகிரிநாதர் கிளி வடிவம் பெற்றார் என்ற ஐதிகத்தால் திருவண்ணாமலையில் ஒரு கோபுரமே கிளி கோபுரம் எனப் பெயர் பெற்றது. வடமொழியில் அறுபத்துநான்கு கலைகளை எண்ணிய காமசூத்திரம், கிளிக்கும் நாகணவாய்க்கும் பேச்சுக் கற்பித்தலையும் ஒரு கலையாக வைத்தது. தமிழில் கிள்ளைவிடு தூது பிறந்தது. ஈழத்தில் கோட்டை அரசு சிறந்திருந்த 15ஆம் நூற்றாண்டில், கிளியைத் தூதனுப்பும் கிரா சந்தேசம் என்ற சிங்களக் காவியம் தோன்றியது.

இவ்வாறு இலக்கியம் கிளிக்குச் செய்த சிறப்பு பெரிது. ஆயினும் அச்சிறப்பே ஒரு தவறான எண்ணத்துக்கும் வழிவகுத்தது. கிளி என்றால் மழலை, கிளி என்றால் மென்மை, கிளி என்றால் சொன்னதைச் சொல்வது என்ற எண்ணம் நாட்டு வழக்கில் வேரூன்றியது. பெண்ணின் இன்சொல்லுக்குக் கிளிமொழி என்று பெயர். அடங்கி நடக்கும் பிள்ளைக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர். அழகை எதிர்பார்த்து வாங்கியவன், உயிருள்ள ஒரு காட்டுப் பறவையைக் காணும்போது ஏமாற்றமடைகிறான். அந்த ஏமாற்றத்துக்குத்தான் நன்றியின்மை என்று அவன் பெயர் சூட்டுகிறான்.

மேலைநாட்டாரின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. பாரசீக மன்னனின் அவையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் தெசியாஸ், கி.மு. 400 அளவில், இந்திய மொழி பேசும் ஒரு பறவையைப் பற்றி வியப்புடன் எழுதினார்; கிரேக்கம் கற்பித்தால் அது கிரேக்கமும் பேசும் என்றார். கி.மு. 327 முதல் 325 வரை நடந்த அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின் இந்தியக் கிளிகள் மேற்றிசையில் நன்கு அறியப்பட்டன. பெரிய இனக் கிளி ஒன்று இன்றளவும் அம்மன்னன் பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்குகிறது. அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலில் இப்பறவை மதுவுண்டால் மேலும் அடக்கமற்று நடக்கும் என்ற குறிப்பு உள்ளது. பறவைக்கு மது ஊற்றிப் பார்த்தவனைக் குறைகூறாமல், பறவையின் அடக்கமின்மையைக் குறித்து வைத்த அந்தப் பார்வை கவனத்துக்குரியது.

கி.பி. 79இல் இறந்த உரோம அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் ஒரு முறையையே விரித்துரைத்தார். கிளியின் தலை அதன் அலகைப் போலவே வன்மையானது. ஆதலின் பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கோலால் அதன் தலையில் அடிக்கவேண்டும். இல்லையேல் அடி அதற்கு உறைக்காது என்பது அவர் கூற்று. அடிக்கு அஞ்சி ஒடுங்கிய பறவையைக் கண்டு, பாடம் படிந்துவிட்டது என்று அக்காலத்தார் மகிழ்ந்திருக்கவேண்டும். பிளினிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்திய ஈலியன் என்ற எழுத்தாளரோ வேறொரு காட்சியைக் காட்டுகிறார். இந்திய மன்னரின் சோலைகளில் கிளிகள் பேணப்பட்டன என்றும், இந்தியர் எவரும் கிளியை உண்பதில்லை என்றும், மனிதக் குரலை நன்கு பின்பற்றுவதால் அதனை அந்தணர் மிக மதித்தனர் என்றும் அவர் எழுதினார். கோலால் அடிப்பது ஒரு வழி. சோலையில் வைத்துப் போற்றுவது ஒரு வழி. இவ்விரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஏட்டில் ஏறின.

இரும்புக் கோலின் வழி இன்று மறைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கோலின் அளவு சிறுத்திருக்கிறது, அவ்வளவே. கடித்த கிளியின் அலகைச் சுண்டுவதும், கூண்டை உலுக்குவதும், துணியால் மூடி இருட்டில் வைப்பதும், ஒரு வேளை இரையை நிறுத்துவதும் அதன் வழித்தோன்றல்களே. பிரம்புக்கு அஞ்சி வாய்ப்பாடு ஒப்பித்த மாணவன் பிரம்பு அகன்றதும் வாய்ப்பாட்டை மறந்ததை நம் பள்ளிக்கூடங்கள் கண்டிருக்கின்றன. கிளியிடமும் அதுவே நிகழும். அது பாடத்தை மறக்கும். பிரம்பு பிடித்த கையை மறவாது.

அடிப்பதற்கு மாற்றாக உற்றுநோக்கும் வழி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இலங்கை அதில் நல்ல பங்கு பெற்றது. இத்தீவில் இயல்பாக வாழும் கிளி வகைகள் ஐந்து. பெரிய பச்சைக்கிளி, கழுத்தில் இளஞ்சிவப்பு வளையமுடைய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி, தலைகீழாகத் தொங்கி உறங்கும் சிறிய கிளி ஆகியவை நான்கு. ஐந்தாவது, சாம்பல் கலந்த நீல நிறத் தலையும் மரகத நிறக் கழுத்து வளையமும் உடைய மலைக்கிளி. ஈரவலயக் காடுகளிலும் மலையகத்துக் காட்டோரங்களிலும் தோட்டங்களிலும் வாழும் இப்பறவை உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. சிங்களவர் இதனைச் சாம்பற்கிளி என்னும் பொருள்பட அலு கிரவா என்பர். அரசாங்க சேவையில் இங்கே பணியாற்றிய எட்கர் லயார்ட் என்ற ஆங்கிலேயர் இதன் மாதிரியைத் திரட்ட, கல்கத்தாவிலிருந்த எட்வர்ட் பிளைத் 1849இல் அறிவியலுலகுக்கு இதனை அறிமுகம் செய்தார். லயார்டின் மனைவியார் பிறந்த குடும்பத்தின் பெயரான கால்த்ராப் என்பது இதன் அறிவியற் பெயரில் நின்றுவிட்டது.

லயார்ட் சிலாபத்தில் கண்ட காட்சி ஒன்று புகழ்பெற்றது. கடைத்தெருவின் மேல் கவிந்து நின்ற தென்னைகளில் அடைவதற்கு மாலையில் வந்த கிளிக்கூட்டங்களின் இரைச்சல், கீழே பண்டம் விற்போர் வாங்குவோர் அனைவரின் பேச்சொலியையும் விழுங்கிவிட்டது என்று அவர் எழுதினார். அவருக்குப் பின் வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய பறவைக் கையேடு இன்னும் பலர் கையில் இருக்கிறது. பூண்டுலோயாவுக்கும் இவ்வரிசையில் ஓர் இடமுண்டு. இங்கே தோட்டத்துரையாக வாழ்ந்த எர்னஸ்ட் கிரீன், தேயிலை முதலிய செடிகளில் ஒட்டிக்கிடக்கும் செதிற்பூச்சிகளை நாள்தோறும் உருப்பெருக்கியில் பார்த்து, வரைந்து, 1896இல் இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். ஒரு சிற்றுயிரைத் திருத்துவதற்கு முன் அதனைப் பார்க்கவேண்டும் என்ற பாடம் இம்மலையடிவாரத்திலேயே கற்கப்பட்டது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

கிளிகளைக் காட்டில் வைத்துப் பார்த்தவர்கள் கண்டது யாது? சண்டை கிளிக்குப் புதிதன்று. அடையும் கிளையில் இடம்பிடிக்கவும், மரப்பொந்தைக் காக்கவும் அது நாள்தோறும் பூசலிடுகிறது. வளையமுடைய பச்சைக்கிளியினத்தில் பெட்டையே பெரும்பாலும் ஆதிக்கம் செலுத்துகிறது. சேவல் அஞ்சி அஞ்சியே அதனை அணுகுகிறது. ஆனால் அப்பூசலில் குருதி சிந்துவது அரிது. ஒன்று கழுத்தை நீட்டி அலகைத் திறந்து காட்டும். மற்றது சிறகை விரித்து அடுத்த கிளைக்குப் போய்விடும். வழக்கு அத்துடன் தீரும். கடி என்பது கிளியின் மொழியில் முதற்சொல் அன்று. முன் சொன்னவை கேட்கப்படாதபோது வரும் இறுதிச்சொல்.

இந்த உண்மைக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளின் இயக்குநராயிருந்த ஹைனி ஹெடிகர். 1942இல் வெளிவந்த தம் நூலில் அவர் இரண்டு தொலைவுகளைப் பற்றி விளக்கினார். பகையென்று கருதும் உயிர் ஒரு குறித்த தொலைவுக்குள் வந்ததும் விலங்கு ஓடும்; இது முதலாவது. ஓட வழியின்றி மூலையில் அகப்பட்ட விலங்கை இன்னும் நெருங்கினால் அது திரும்பித் தாக்கும், இது இரண்டாவது. ஆகவே தாக்குதல் பல வேளைகளில் வீரமன்று. ஓட்டத்துக்கு வழி அடைபட்டதன் விளைவு. கூண்டு என்பது நான்கு பக்கமும் மூலையானது. அதற்குள் நுழையும் கை, எவ்வளவு அன்பான கையாயினும், அந்த இரண்டாவது தொலைவைத் தாண்டியே நுழைகிறது.

ஆஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ் 1949இல் எழுதிய நூலில் தம் வீட்டில் தாராளமாகத் திரிந்த பறவைகளைப் பற்றிச் சுவைபடக் கூறினார். கொண்டைக்கிளி ஒன்று, தோட்டத்தில் உறங்கிய அவருடைய தந்தையாரின் உடையிலிருந்த பொத்தான்கள் அனைத்தையும் அறுத்துத் தரையில் வரிசைப்படுத்தி வைத்ததாம். குறும்பு நகைப்புக்குரியது, ஆனால் அதன் உட்பொருள் நகைப்புக்குரியதன்று. பொத்தான் அறுக்கும் அறிவும் ஊக்கமும் உடைய பறவைக்கு ஒரு முழ அகலக் கூண்டில் நாள் முழுதும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அதன் நிலை என்னாகும்? கிளியினத்தை இவ்வாறு அடைத்து வைப்பது உள்ளத்தை வதைப்பது என்று லோரன்ஸ் வருந்தினார். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்கரான ஸ்கின்னரோ 1938 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், நற்பயன் தந்த செயலை உயிர்கள் திரும்பச் செய்கின்றன என்றும், தண்டனை ஒரு செயலைச் சிறிது காலம் அடக்குமேயன்றி அடியோடு மாற்றாது என்றும் காட்டினார்.

இதில் ஒரு பாதியைத் தமிழ்நாட்டுக் கிளிச் சோதிடர் முன்னரே அறிந்திருந்தார். கூட்டைத் திறந்ததும் கிளி நடந்து வந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும். அதற்குக் கூலியாக ஒரு நெல்மணி பெறும். மீண்டும் கூட்டுக்குள் செல்லும். அடியில்லை, அதட்டலில்லை; நெல்மணி மட்டுமே ஆசிரியர். ஆனால் மறுபாதியை அவர் மறைத்து வைத்திருந்தார். கிளி பறந்து போகாதது நன்றியால் அன்று, சிறகு வெட்டப்பட்டதால். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் அடைத்து வைப்பதையும் குற்றமாக்கியது. 2024 ஏப்ரலில் கடலூரில் தேர்தல் முடிவைக் கிளி கொண்டு சொன்ன ஒருவரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைக் கைப்பற்றிய செய்தி பலரும் அறிந்ததே.

இந்த அறிவையெல்லாம் இனி லயத்துக்குக் கொண்டு வரவேண்டும். தோட்டத்து லயத்தில் கூண்டு பெரும்பாலும் இஸ்தோப்பில்தான் தொங்கும். வரிசையாக அமைந்த காம்பராக்களுக்கு அதுவே பொது வழி. போவோர் வருவோர் எல்லாரும் கூண்டை ஒட்டியே நடப்பர். சிறுவர் குச்சியால் குத்துவர். பூனை கீழே காத்திருக்கும். காகம் மேலே வந்து அமரும். நாற்புறமும் திறந்த கூண்டில் முதுகுக்குக் காவலில்லாத பறவை எப்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். காலையில் பிரட்டுக்குச் சென்றவர்கள் கொழுந்துக் கூடையுடன் மாலையில்தான் திரும்புவர். அவ்வளவு நேரமும் தனிமை. வீட்டார் வந்த பின் அடுப்புப் புகை, வானொலி, விளக்கு, இரவு நெடுநேரம் வரை பேச்சு. பத்து மணிநேரத்துக்குக் குறையாத இருள் உறக்கம் வேண்டிய பறவை ஆறு மணிநேரம் உறங்கினால் சினவாமல் என்ன செய்யும்? இக்குடியிருப்பின் இடநெருக்கம் தோட்டமக்கள் தாமே தேர்ந்ததன்று. நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் மீது சுமத்தப்பட்டது. ஓர் அறைக்குள் வாழ்வது எத்தகையது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. ஆதலின் கூண்டுக்குள் இருப்பதன் துன்பத்தை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சுட்டிக் காட்டினால் போதும்.

சினம் வருமுன் கிளி அறிவிக்கிறது. கண்ணின் கருமணி சுருங்கியும் விரிந்தும் துடிக்கும். இறகுகள் உடலோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது பிடரியில் மட்டும் சிலிர்க்கும். வால் விசிறிபோல் விரியும். உடல் தாழ்ந்து கழுத்து நீளும், அலகு திறக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டதும் கையை நிறுத்துபவனைக் கிளி கடிப்பதில்லை. இதற்கு மாறாக, இறகு தளர்ந்து, ஒற்றைக்காலில் நின்று, அலகை மெல்ல அரைத்துக்கொண்டிருக்கும் கிளி அமைதியில் இருக்கிறது. இன்னொன்றும் அறியத்தக்கது. கிளிக்கு அலகு மூன்றாவது கால். புதிய கிளையில் ஏறுமுன் அது உறுதியானதா என்று அலகால் பிடித்துப் பார்ப்பது அதன் வழக்கம். நீட்டிய விரலையும் அவ்வாறே பிடித்துப் பார்க்கும். அதைக் கடியென்று எண்ணிக் கையை வெடுக்கென இழுத்தால், கிளை நம்பத்தகாதது என்று கிளி கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை உண்மையாகவே கடிக்கிறது.

சினத்துக்குக் காரணங்கள் பல. அச்சம் முதலாவது. நோயும் வலியும் இரண்டாவது. நேற்று வரை சாதுவாயிருந்த கிளி இன்று திடீரெனக் கடித்தால், அதன் எச்சத்தையும் இரையெடுப்பையும் மூச்சையும் கவனித்துக் கால்நடை மருத்துவரை நாடவேண்டும். இறகுதிர் காலத்தில் புது இறகின் குருத்து நோவதால் தொடுவதை அது விரும்பாது. குஞ்சுப் பருவம் கடந்து வளரும் மாதங்களில் எல்லாவற்றையும் எதிர்த்துப் பார்க்கும் பருவம் ஒன்று உண்டு. பொறுத்தால் அது கடந்து போகும். இனப்பெருக்க காலத்தில் இருண்ட மூலையையும் பெட்டியையும் பொந்தாகக் கருதிக் காக்கும். அக்காலத்தில் முதுகைத் தடவுவதும், பெட்டி, சட்டி முதலியவற்றைக் கூண்டுக்குள் வைப்பதும் சினத்தை வளர்ப்பனவே. தான் வெறுக்கும் பூனையை எட்ட முடியாதபோது அருகிலிருக்கும் அன்பரின் விரலைக் கடிப்பதும் உண்டு. மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியவன் வீட்டில் வந்து பிள்ளையை ஏசுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

ஆற்றுவிக்கும் வழி எளியது, ஆனால் விரைவானதன்று. முதலில் கூண்டின் இடத்தை மாற்றவேண்டும். ஒரு பக்கமேனும் சுவரோடு ஒட்டியிருக்க, மனிதக் கண்ணின் உயரத்தில், புகையும் நேர்க்காற்றும் படாத இடத்தில் அது இருக்கட்டும். சிறகை விரித்தால் கம்பியில் இடிக்காத அளவு கூண்டுக்கு அகலம் வேண்டும். வழவழப்பான ஒரே கம்புக்குப் பதிலாகப் பருமன் வேறுபட்ட கொய்யாக் கிளைகளை வைத்தால் காலுக்கும் நலம். பட்டையை உரிப்பது அலகுக்கும் வேலை. வேலைக்குச் செல்லுமுன் சோளக்கதிர் ஒன்றைத் தோலுடன் தொங்கவிட்டால் பகலின் பெரும்பகுதி அதனுடன் கழியும். இரவில் கூண்டின் மீது இடும் துணி உறக்கத்துக்காக இருக்கட்டும், தண்டனைக்காக வேண்டா.

பின்னர்ப் பழக்கம். முதற்சில நாட்கள் கூண்டுக்கு எட்டவே அமர்ந்து மெல்லப் பேசினால் போதும். இறகு தளர்வதைக் கண்டபின் ஒரு சாண் நெருங்கலாம். ஒட்டிக்கொண்டால் ஒரு சாண் விலகலாம். விலகுவது தோல்வியன்று, தன் சொல் கேட்கப்பட்டது என்று கிளிக்குக் காட்டும் மறுமொழி. அடுத்து, அது மிக விரும்பும் பண்டம் ஒன்றைக் கம்பியின் வெளியிலிருந்து நீட்டலாம். உப்பிடாத கச்சான் பருப்பின் ஒரு துணுக்கோ கொய்யாத் துண்டோ போதும். நீண்ட குச்சியின் நுனியை அலகால் தொட்டதும் ஒரு துணுக்கு. ஓரடி வந்ததும் ஒரு துணுக்கு. கையில் ஏறியதும் ஒரு துணுக்கு. நாளொன்றுக்கு ஐந்து நிமிடப் பாடம் இரண்டு முறை நடந்தால் போதும். கிளி விரும்பும்போதே பாடத்தை முடிக்கவேண்டும். இதற்கு ஒரு கிழமையும் ஆகலாம், ஒரு மழைக்காலமும் ஆகலாம். இலவு காத்த கிளியை ஏளனம் செய்யும் நாட்டில், கிளி காத்த மனிதன் ஏளனத்துக்கு அஞ்சவேண்டியதில்லை; இவன் காத்திருப்பதற்குப் பயன் உண்டு.

கடித்துவிட்டால் செய்யத்தக்கது மிகக் குறைவு. அலறாமல், உதறாமல், கையை மெல்லத் தாழ்த்திக் கிளியை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிச் சிறிது நேரம் அப்பால் செல்வதே அது. அலறல் சில கிளிகளுக்கு அச்சமூட்டும், சிலவற்றுக்கு வேடிக்கையாகும், இரண்டும் தீங்கே. கிளி கடித்த காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். ஆழமாயின் மருந்துச்சாலைக்குச் செல்லவேண்டும். சிறு குழந்தையின் முகத்தருகே எந்தக் கிளியையும் விடலாகாது.

உணவும் சினத்தோடு தொடர்புடையது. சோறும் விதையும் மட்டுமே உண்ணும் கிளிக்குச் சத்துக்குறை நேர்ந்து உடல் நலியும். நலிந்த உடலில் பொறுமை தங்காது. கீரை, காரட், கோவைப்பழம், கொய்யா, முளைகட்டிய பயறு என்பன மலையகத்தில் எளிதில் கிடைப்பன. மிளகாய் கொடுப்பதால் கிளிக்கு எரிச்சல் வருமோ என்று அஞ்சவேண்டியதில்லை. மனிதனுக்கு உறைப்பது பறவையின் நாவுக்கு உறைப்பதில்லை. ஆனால் மலையகத் தோட்டங்களில் தாராளமாகக் காய்க்கும் ஆனைக்கொய்யா, அதாவது பட்டர் புரூட், கிளிக்கு நஞ்சு. தேயிலைச் சாயம், சாக்லேட், உப்பிட்ட தின்பண்டம் என்பனவும் ஆகா.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பேணிய கிளி இருபது முப்பது ஆண்டு வாழக்கூடியது. கடிக்கத் தொடங்கிய முதலாண்டிலேயே அது விற்கப்படுகிறது, அல்லது சிறகு வெட்டிய நிலையில் ‘விடுதலை’ செய்யப்பட்டுப் பூனைக்கு இரையாகிறது. கிளியை வளர்த்துப் பூனைக்குக் கொடுப்பது என்ற பழமொழி இங்கே உவமையாக இல்லை, நிகழ்ச்சியாகவே இருக்கிறது. வெறுமையான கூண்டை நிரப்ப மற்றொரு குஞ்சு தேடப்படுகிறது. அக்குஞ்சு பட்டுப்போன மரத்தின் பொந்திலிருந்து எடுக்கப்படுவது. ஒரு பொந்து சிதைந்தால் அடுத்த ஆண்டு முட்டையிட அங்கே இடமில்லை. பொந்துக்குரியது உலகில் இத்தீவுக்கு மட்டுமே சொந்தமான மலைக்கிளியாக இருந்தால் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949இல் நிறுவப்பட்ட வனசீவராசிகள் திணைக்களமும் இவ்விழப்பைத் தடுப்பதற்கே உள்ளன. காட்டுக் குஞ்சை வாங்காதிருப்பதே அச்சட்டத்துக்கு மக்கள் செய்யக்கூடிய பேருதவி. முன்னரே கூண்டிலிருக்கும் கிளியை அதன் ஆயுள் முழுதும் பொறுமையுடன் பேணுவது அதற்கடுத்த உதவி.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையிலுள்ள கிளி உயிர்க்கிளியன்று. இலைகளால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்து நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. சினவாத கிளி வேண்டுவோர்க்கு அத்தகைய கிளியே ஏற்றது. உயிருள்ள கிளியை வைத்திருப்பவர், அதன் சினத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவராவர். பூண்டுலோயாவின் இஸ்தோப்பில் நாளை மாலையும் கொய்யாத் துண்டு நீட்டப்படும். கிளியின் இறகு உடலோடு ஒட்டுவதைக் கண்டு அக்குழந்தை தன் கையை ஒரு சாண் பின்னுக்கு எடுத்துக் காத்திருக்குமானால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்புக் கோலை எடுத்தவர் அறியாத ஒன்றை அது அறிந்துவிட்டது எனலாம்.